மரங்களைப் படித்த பெடோம் துரை

ஏர்பேட்டுக்கு மேற்கே நீண்டு கிடப்பது திருமலைத் தொடர். அந்தக் காட்டில் செம்மரமும் உண்டு, வேங்கையும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். பட்டையைக் கீறினால் இரண்டிலும் சிவந்த சாறு கசியும். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இலையைப் பார்க்க வேண்டும். செம்மரத்தில் ஒரு காம்புக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலை; வேங்கையில் ஐந்து முதல் ஏழு. செம்மரத்தின் பட்டை முதலைத் தோல் போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

தென்னாட்டு மரங்களை இப்படி இலை, பூ, காய், கட்டை என்று பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். 1830-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை வக்கீல். மகனையும் சட்டத் தொழிலுக்கே பழக்கினார்கள். மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 18-வது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார்.

சென்னை ராஜதானியில் வனத்துறையைத் தொடங்கி நடத்திய கிளெக்ஹார்னுக்கு 1857-ல் உதவியாளரானார். பிறகு துறையின் தலைமையே அவர் கைக்கு வந்தது. 1882 வரை மலை மலையாக அலைந்தார். 1869 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட தென்னிந்திய வன மரங்கள் பற்றிய நூலில் முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. மரத்தின் லத்தீன் பெயரோடு, நம் ஊர்ப் பெயர்களும் கட்டையின் பயனும் அதில் இருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவர்கள் காட்டை அறிந்த நம் ஜனங்கள்.

கடப்பா மலையில் அவர் சேகரித்த, பனையைப் போன்ற ஒரு குட்டை மரத்துக்கு 1883-ல் அவர் பெயரையே வைத்து, 'சைகஸ் பெடோமி' என்றார்கள். இந்த மலைத் தொடர்களைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. பெடோம் 1911 பிப்ரவரியில் காலமானார். வட ஆற்காட்டோடு இருந்த இந்தப் பகுதி அதே ஆண்டு ஏப்ரலில் சித்தூர் ஜில்லாவாயிற்று.

அவருக்கு மரத்தை இனம் காண்பது படிப்பு. நம்மவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2015 ஏப்ரல் 7-ந் தேதி, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அதிரடிப் படையினர் சுட்டதில், இதே சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் மாண்டனர். மரம் வெட்டக் கூலி அதிகம் என்று யாராவது மலைக்கு அழைத்தால், என்ன மரம் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இலையை எண்ணுங்கள். மூன்று என்றால் திரும்பி விடுங்கள்.