சணலை முறுக்கிய புரொபசர்

நெய்வேலில கரன்ட்னாலே நமக்கு டவரும் கம்பியும்தான் ஞாபகம் வரும். கம்பியே இல்லாம கரன்ட் அனுப்பும் ஆராய்ச்சியில் இன்று அடிக்கடி அடிபடும் பெயர் மெட்டாமெட்டீரியல். அதன் வேரைத் தேடிப் போனால், 1898-ல் கல்கத்தாவில் ஒருத்தர் முறுக்கி வைத்த சணல் கட்டில் போய் நிற்போம். அவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஸ்கூல் புக்ல செடிக்கு உயிர் உண்டுன்னு படிச்சோமே, அதே போஸ்தான்.

1858 நவம்பர் 30-ல் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. வசதி இருந்தும், தாய்மொழி முதலில் வரணும்னு மகனை வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். பிறகு கல்கத்தா, அங்கிருந்து லண்டன். மருத்துவம் படிக்கப் போனவர் உடம்பு முடியாமல் அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். லார்ட் ரேலி அங்கே அவருடைய ஆசிரியர்.

1885-ல் பிரசிடென்சி காலேஜில் வேலை. ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைச்சல். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்று வருஷம் இப்படியே பாடம் நடத்தினார். வீட்டில் அப்பாவின் கடன் வேறு. இதற்கு நடுவே 1887-ல் அபலாவுடன் கல்யாணம். அபலா நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கடைசியில் அரசு இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

லேப்னு சொல்லிக்க அவருக்கு இருந்தது ஒரு சின்ன அறை. அங்கே 1894 முதல் ரேடியோ அலைகளில் இறங்கினார். மற்றவர்கள் நீளமான அலைகளோடு வேலை செய்தபோது, இவர் 5 மில்லிமீட்டர் வரை கொண்டு வந்தார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்! 1895-ல் டவுன் ஹாலில் சுவர் தாண்டி அலை அனுப்பி மணி அடிக்க வைத்தார். ஒன்று கவனிங்க: மணியை அடித்த கரன்ட் அங்கேயே இருந்த பேட்டரியுடையது. அலை வெறும் சுவிட்ச். கம்பியில்லாமல் சிக்னல் போனது, பவர் போகவில்லை.

அலையைச் சோதிக்கும் பொருட்களை அவரே செய்துகொண்டார். ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே தகரத்தாள் செருகினார், போலரைசர் ரெடி. 1898-ல் சணல் நாரைக் கட்டி முறுக்கி, அதன் வழியே அலையை அனுப்பினார். அலையின் போலரைசேஷன் தளம் திரும்பியது. முறுக்கின் திசையை மாற்றினால், திரும்பும் திசையும் மாறியது. முறுக்காத சணலில் அந்த விளைவு இல்லை. அதாவது, வேலை செய்தது சணல் இல்லை, முறுக்கு.

மெட்டாமெட்டீரியலின் அடிப்படையே இதுதான். பொருளின் குணம் வேதியியலிலிருந்து மட்டுமல்ல, வடிவத்திலிருந்தும் வரலாம். 2007-ல் எம்.ஐ.டி. குழு 2 மீட்டர் தூரத்தில் 60 வாட் பல்பைக் கம்பியில்லாமல் எரித்தது. எஃபிஷியன்சி சுமார் 40 சதவீதம். தூரம் கூடினால் காயிலின் காந்தப்புலம் வேகமாக மங்கிவிடும், அதுதான் சிக்கல். 2011-ல் ஒரு குழு நடுவே மெட்டாமெட்டீரியல் பலகை வைத்து, எஃபிஷியன்சியைக் கூட்டி, 40 வாட் பல்பை எரித்துக் காட்டியது. இப்படிப்பட்ட பலகையில் இருப்பது காந்தம் இல்லை, வரிசையாகப் பதித்த சின்னச் சின்னச் செம்புச் சுருள்கள். மங்கும் புலத்தைப் பிடித்து ரிசீவர் பக்கம் தள்ளுவது அந்தச் சுருள்களின் வடிவம்.

காப்புரிமையில் போஸுக்கு ஆசை கிடையாது. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா டிடெக்டருக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, அதையும் காலாவதியாக விட்டுவிட்டார். 1917-ல் தன் பெயரில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐ.இ.இ.இ. மைல்கல்லாக அங்கீகரித்தது 2012-ல்தான்.

காஸ்ட்லி மெட்டீரியல் இல்லைன்னு புராஜெக்ட் ஐடியாவைத் தள்ளி வைக்கிற நமக்கு, போஸ் விட்டுப்போன கேள்வி ஒன்று இருக்கு: கையில் இருப்பதை எப்படி முறுக்கலாம்?