முப்புரி கண்ட அறிஞர்

கோழிமுட்டையில் புரதம் உண்டென்பதை நாமக்கல் வட்டாரத்துச் சிறுவரும் அறிவர். ஆயின், உண்ட புரதம் அப்படியே நம் உடலாகிவிடுவதில்லை. அது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளாகப் பிரிகின்றது. மரபணு வகுத்த வரிசைப்படி அக்கூறுகள் மணிமாலைபோற் கோக்கப்பட்டு, நமக்குரிய புரதங்களாகின்றன. அத்தகைய புரதங்களின் வடிவை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இவர், பெங்களூரில் சர் சி. வி. இராமனிடமும், பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி செய்தார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியரானார். அப்பொழுது இவருக்கு வயது ஏறத்தாழ 30.

எலும்புக்கும் தோலுக்கும் உரம் தருவது கொலாஜன் என்னும் புரதம். அதனை இவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்குண்டதே அதன் வடிவு என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் அமிலம் அமைதல் வேண்டும். யாவற்றினும் சிறிய அஃதொன்றே கயிற்றின் நடுவேயுள்ள குறுகிய இடத்திற் பொருந்தும்.

மரபணு நான்கெழுத்துகளால் ஆன சுவடி போன்றது. அதில் மும்மூன்று எழுத்துகள் ஓர் அமிலத்தைக் குறிக்கும். ஓரெழுத்து மாறுதலும் திடீர்மாற்றமே. கிளைசினைக் குறிக்கும் மூன்றெழுத்துள் இறுதியெழுத்து மாறினும் பொருள் மாறாது. முதலெழுத்தோ இடையெழுத்தோ மாறின், பெரும்பாலும் பருத்த வேறோர் அமிலம் அவ்விடத்திற் புகும். கயிறு செவ்வனே முறுகாது. அம்மாற்றத்துடன் பிறந்த குழந்தையின் எலும்பு சிறு வீழ்ச்சியிலும் முறியும். வேறு சில மாற்றங்கள் புரத ஆக்கத்தை இடையிலேயே நிறுத்திவிடும். அப்பொழுது கொலாஜனின் அளவு குறையும். ஆயினும் உள்ள கயிறு செவ்வையாதலின் நோய் பெரும்பாலும் தணிந்திருக்கும். பழுதுற்ற இழையோ தன்னுடன் முறுகும் நல்லிழைகளையும் கெடுத்துவிடும்.

இராமச்சந்திரன் காட்டிய வடிவில் அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என மேலைநாட்டறிஞர் சிலர் மறுத்தனர். அம்மறுப்புக்கு விடைகாண, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே இவர் அளந்து ஆராய்ந்தார். அதன் பயனாக இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இவர் பெயராலேயே வழங்குகின்றது. புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகெங்கும் அறிஞர் இன்றும் அதனைக் கையாளுகின்றனர்.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் இவர் சென்னையில் மறைந்தார். இவர் கண்ட முப்புரியின் வடிவை அறிந்தமையாலன்றோ, ஓரெழுத்தின் பிழை எலும்பை முறிக்கும் வகை நமக்கு விளங்கிற்று!