நூலுக்கு முந்திய இரக்கம்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் தோன்றினார். அவருக்கு ஓர் ஆண்டு நிறையுமுன்பே தந்தையார் இராமையா பிள்ளை மறைந்தார். அன்னை சின்னம்மையார் மக்களோடு பின்னர்ச் சென்னை சேர்ந்தார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். சமய நூலே அவ்வீட்டிற்குச் சோறும் ஆயிற்று.

இராமலிங்கரும் நூற்பயிற்சியில் குறைந்தவர் அல்லர். ஒழிவிலொடுக்கம், தொண்டைமண்டல சதகம் முதலிய நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். கன்றை இழந்த பசுவின் துயரைத் தன் துயராகக் கொண்ட சோழனின் வரலாற்றை 'மனுமுறைகண்ட வாசகம்' என்னும் உரைநடை நூலாக்கி 1854இல் வெளியிட்டார்.

சென்னையை நீங்கிக் கருங்குழியில் தங்கிய காலத்தில், 1865இல், அவர் சங்கம் ஒன்றை நிறுவினார். அதற்கு இட்ட பெயர் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது. பார்வதிபுரத்து மக்கள் வழங்கிய எண்பது காணி நிலத்தில், 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. திருவருட்பாவின் முதற்பகுதி அச்சேறியதும் அவ்வாண்டே. அப்பாடல்களை அருட்பா எனல் தகுமோ என ஆறுமுக நாவலர் தரப்பினர் எதிர்த்தெழுந்தனர். எது திருமுறை என்னும் வழக்குப் புறத்தே வளர, சாலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பசித்தவனுக்கு உணவளிக்க வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது? தம் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் அடிகள் இதற்கு விடை கண்டார். உயிர்கள் அனைத்தும் இறைவனால் ஒரு தன்மையுடையனவாக ஆக்கப்பட்டமையால் உடன்பிறப்புகளே. உடன்பிறந்தான் துன்புறக் கண்டு உள்ளம் உருகுவது உறவின் உரிமை. இரக்கம் எழாதவனிடத்து அவ்வுரிமை இல்லாமற் போகவில்லை. அவனது அறிவுக்கண் மங்கியிருக்கிறது. ஆதலின் தேசம், சமயம், சாதி, நடக்கை எதனையும் உசாவாமல் பசி தீர்த்தல் வேண்டும் என்பது அவர் துணிபு.

வறியவர் படும் பசி முன்வினைக்கு இறைவன் விதித்த தண்டனை. அதனைத் தடுத்தல் முறையோ என்பாரும் இருந்தனர். கொடுங்குற்றம் செய்து சிறையிலிருப்போர்க்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவளிக்கிறானே என்று அடிகள் விடை கூறினார். வினைக்கொள்கையை அவர் மறுத்தாரில்லை. அது கைகட்டி நிற்பதற்குச் சாக்காவதை மட்டும் மறுத்தார்.

1872இல் சங்கத்தின் பெயர் மாறிற்று. வேதம் என்னும் சொல் நீங்கிச் சுத்தம் என்னும் சொல் அமர, அது சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. 1873இல் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில் வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எவற்றிலும் பற்று வைக்கலாகாது என்றார். தாம் முன்பு சைவத்தின்பால் வைத்திருந்த பற்றையும் விட்டதாக வெளிப்படுத்தினார். ஆயினும் இறைவனை விட்டாரில்லை. இரக்கத்தின் வேரை ஏட்டில் தேடாதவர், அதனை இறைவன் ஆக்கிய உயிருறவில் கண்டார். ஆதலின் நூலை மட்டும் நம்புவோரும் இறையை மறுப்போரும் அவரை முற்றும் தம்மவர் எனல் இயலாது.

1874 சனவரி 30 அன்று சித்திவளாகத்து அறையுள் புகுந்தவர் மீண்டும் புறத்தே வரவில்லை. ஏறத்தாழ ஆறாயிரம் பாடல்கள் அருளிய அப்பெருங்கவிஞர் மூட்டிய அடுப்பு வடலூரில் இன்றும் அணையாது எரிகிறது. இலையின்முன் அமர்வோரை அவர் பாடல்களில் ஒன்றேனும் அறிவீரோ என்று அங்கே எவரும் கேட்பதில்லை.