போனுக்குள் இருக்கும் 6 புள்ளிகள்: யார் இந்த லூயிஸ் பிரெய்லி?

கையில் இருப்பது மருந்து பாட்டிலா, ஷாம்புவா? கேமராவைக் காட்டினால், பார்வையற்றவர்களுக்கு இன்று போனே சொல்லிவிடும். அதே போனில் அவர்கள் டைப் செய்ய உதவுவதோ, 200 வருஷத்துக்கு முன் ஒரு சிறுவன் உருவாக்கிய 6 புள்ளிகள்!

1809 ஜனவரி 4-ல் பாரிஸ் அருகே கூவ்ரே கிராமத்தில் பிறந்தவர் லூயிஸ் பிரெய்லி. அப்பா குதிரைச் சேணம் செய்பவர். 3 வயதில் பட்டறையில் விளையாடும்போது கூரான கருவி ஒரு கண்ணில் குத்திவிட்டது. தொற்று அடுத்த கண்ணுக்கும் பரவ, 5 வயதுக்குள் பார்வை முழுசா போச்சு.

10 வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் பார்பியேவின் 12 புள்ளி எழுத்துமுறை அறிமுகமானது. ஆனால் ஒரு எழுத்துகூட விரல் நுனிக்குள் அடங்கல. அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார் லூயிஸ். அப்போ வயசு 15 தான்!

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்கள் விரும்பியும், பள்ளி அந்த முறையை அதிகாரப்பூர்வமாக ஏற்கவில்லை. 1852 ஜனவரி 6-ல் காசநோயால் 43 வயதில் இறந்தார். அங்கீகாரம் வந்தது 1854-ல்.

இன்று ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் பிரெய்லி கீபோர்டு உண்டு. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை. பாட்டிலில் ஒட்டிய பிரெய்லி லேபிளைத் தொட்டாலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும்.