அறிபவனை அறிந்த வணிகர் ஸ்ரீமத் ராஜசந்திரர்

சௌராட்டிரப் பகுதியின் வவாணியா என்னும் சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், ராவ்ஜிபாய்க்கும் தேவ்பாய்க்கும் மகனாகத் தோன்றியவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். ஏழாம் அகவையில், தமக்குப் பழக்கமான ஒருவரின் உடல் ஈமத்தீயில் எரிவதைக் கண்டார். உடல் இங்கே இருக்க, அதிலிருந்து நீங்கியது எது என்ற வினா அப்பிஞ்சு உள்ளத்தில் வேரூன்றியது.

அவருடைய நினைவாற்றல் வியப்புக்குரியது. 1887-இல், பத்தொன்பது வயதில், மும்பையில் சான்றோர் அவை முன் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். ஐரோப்பா செல்லவும் அழைப்பு வந்தது. ஆயினும், அத்திறன் உள்ளத்தை வெளியே இழுப்பதென உணர்ந்து, இருபது வயதளவில் அதனை முற்றும் துறந்தார். நூறு பொருளை ஒருங்கே அறிவதினும், அறிபவனை அறிதலே பேறு எனத் தெளிந்தார்.

இல்லறம் ஏற்று, மும்பையில் வைர, முத்து வாணிபம் நடத்தினார். 1891-இல் அவரைக் கண்ட காந்தியடிகள், வாணிபப் பேச்சு முடிந்த கணமே அவர் ஆன்ம சிந்தனையில் ஆழ்வதைக் கண்டு வியந்தார். பின்னர் 1894-இல் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, அவருக்கே எழுதித் தெளிவு பெற்றார்.

1896-இல் நடியாத் நகரில், 142 பாக்களைக் கொண்ட ஆத்மசித்தி என்னும் குஜராத்தி நூலை ஒரே அமர்வில் இயற்றினார். ஆன்மா உண்டு, அது நிலையானது, வினையைச் செய்வது, பயனை நுகர்வது, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு என ஆறு உண்மைகளை அந்நூல் நிறுவுகிறது. கண்ணாடியில் உருவங்கள் தோன்றி மறையினும் கண்ணாடி அவ்வுருவம் ஆவதில்லை. அதுபோல் எண்ணங்கள் எழுந்தடங்கினும், அவற்றை அறியும் உயிர் அவற்றின் வேறானது. நம் பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியார் சமயசாரத்தில் அருளிய நெறியும் இதுவே. அவ்வாசாரியாரை ராஜசந்திரர் பெரிதும் போற்றினார்.

இறுதிக்காலத்தில் நோயால் உடல் மிக மெலிந்தது. அந்நிலையிலும் அமைதி குன்றாமல், 1901 ஏப்ரல் 9 அன்று, 33-ஆம் வயதில், ராஜ்கோட்டில் உடல் நீத்தார்.

கடையும் கணக்கும் குடும்பமும் உள்ளவர்க்கும் இந்நெறி கைகூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நாம் சாமாயிகத்தில் அமரும் 48 நிமிடங்களில் எண்ணங்கள் வரவே செய்யும். அவற்றோடு போராட வேண்டா. அவற்றின் பின் செல்லவும் வேண்டா. அவை அறியப்படுவன, நாம் அறிபவர் என்று நிற்போமாக. அந்நிலையில் மனம் தானே அடங்கும்.