எரிந்த ஊரிலிருந்து வந்தவர் செய்த மொரிஸ் மைனர்

நுவரெலியா, ஹட்டன் வீதிகளில் இன்றும் மொரிஸ் மைனர் கார்களைக் காணலாம். அப்படியொரு காரை வைத்திருப்பவருக்கு என்றோ ஒருநாள் ஒரு கேள்வி வரும். காபரேட்டர் தேய்ந்துவிட்டது; பழையதைத் திருத்துவதா, வேறொன்றைப் பூட்டுவதா? இதற்கு விடை தேடும்போது அந்தக் காரை வடிவமைத்தவரின் வாழ்க்கையையும் அறிந்துகொள்வது நல்லது. அவரும் போரில் ஊரை இழந்தவர்.

அலெக் இசிகோனிஸ் 1906 நவம்பர் 18ஆம் திகதி ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தகப்பன் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். தாய் ஹுல்டா ஜேர்மனியர். 1922 செப்டெம்பரில், கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில், ஸ்மிர்னா தீக்கிரையானது. உயிர் தப்ப வழிதேடிப் பெருந்திரளான மக்கள் கடற்கரையில் நின்றார்கள். பிரித்தானியக் குடியுரிமை இருந்ததால் இசிகோனிஸ் குடும்பம் கப்பலில் மால்டாவுக்கு ஏற்றப்பட்டது. அப்போது அலெக்குக்கு 15 வயது. வீடும் தொழிலும் போயின. மால்டாவில் தகப்பனும் இறந்துபோனார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்தில் புதிதாக வாழத் தொடங்கினார்கள்.

லண்டனில் பொறியியல் படித்தபோது கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். ஆனால் கையால் வரைவதில் வல்லவர். 1936இல் மொரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய சிறிய கார் ஒன்றை வரையத் தொடங்கினார். அதுதான் 1948 ஒக்டோபரில் வெளிவந்த மொரிஸ் மைனர். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால், கடைசி நேரத்தில் அதை நெடுக்காக இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த மாற்றத்தின் அடையாளம். நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்குக் காரின் தோற்றம் பிடிக்கவில்லை. ஆனாலும் பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது கார் அதுவே. 1959இல் வந்த மினி காரும் இசிகோனிஸின் வடிவமைப்புத்தான்.

மைனரில் பூட்டப்பட்ட எஸ்.யு. காபரேட்டர் அவர் கண்டுபிடித்தது அல்ல. சப்பாத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய அதை 1926இல் மொரிஸ் வாங்கியிருந்தார். அதன் அமைப்பு எளிமையானது. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலும் கீழும் அசையும். அதோடு சேர்ந்து கூம்பிய ஊசி ஒன்று ஜெட்டுக்குள் ஏறி இறங்கிப் பெற்றோலை அளந்து விடும்.

மலைநாட்டில் இந்த அளவு முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக ஓடிய கார் அங்கே பெற்றோல் கூடிக் கரும்புகை தள்ளும். எஸ்.யு.வில் ஜெட்டுக்குக் கீழுள்ள நட்டைச் சிறிது மேலே திருகினால் கலவை மெலியும். வெபர் போன்ற காபரேட்டர்களில் ஜெட்டையே கழற்றி வேறு அளவில் போட வேண்டும். மைனருக்கு அதைப் பூட்ட வேறு மனிஃபோல்டும் தேவை. யப்பான் காரிலிருந்து கழற்றியதைப் பூட்டினால், இடையே பொருத்துத் தகடு செய்ய வேண்டும். அக்சிலரேட்டர் இணைப்பையும் மாற்ற வேண்டும். வேறொரு எஞ்சினுக்காக அளவிட்ட ஜெட்டுகள் இந்த எஞ்சினுக்குச் சரிவராமலும் போகலாம். புதிய எஸ்.யு. இன்றும் இங்கிலாந்தில் தயாராகிறது. ஆனால் இறக்குமதிச் செலவு உண்டு.

ஆகவே முதலில் பழையதைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது. பெரும்பாலும் தேய்ந்திருப்பவை த்ரொட்டில் தண்டு, ஊசி, ஜெட் ஆகியவைதான். தண்டு தேய்ந்தால் அந்த இடைவெளியால் காற்றுப் புகுந்து, கார் நின்ற இடத்தில் சீராக இயங்காது. தண்டுக்குப் புதிய புஷ் அடித்து, ஊசியையும் ஜெட்டையும் மாற்றினால் அதே காபரேட்டர் இன்னும் பல வருடங்கள் உழைக்கும்.

கையால் திருத்தக்கூடிய பொருளின் அருமை வடக்கில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ-40யும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் அந்தக் கார்கள் சுமந்தன.

இசிகோனிஸ் திருமணம் செய்யவில்லை. தன்னோடு அகதியாக வந்த தாயை, 1972இல் அவர் இறக்கும்வரை, தன்னுடனேயே வைத்திருந்தார். 1969இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார்.

அவருடைய காரை வைத்திருப்பவர்கள் வேறு காபரேட்டரைத்தான் பூட்ட நேர்ந்தாலும், பழைய எஸ்.யு.வைப் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அதைத் திருத்த ஒரு கை என்றும் கிடைக்கும்.