நீரிலும் நெஞ்சிலும் வென்றவர்: மர்ரே ரோஸ்

பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய கலைகளுள் நீச்சலையும் ஒன்றாக வைத்துப் போற்றியது நம் மரபு. அம்பெய்தல், குதிரையேற்றம் ஆகியவற்றோடு நீந்தவும் கற்றுக்கொடுக்குமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சான்றோர் கூறுவர். நீச்சல் உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்குத் துணிவையும் ஒருங்கே தருகிறது. தன்னுள் இறங்கியவனிடம் எந்த நாட்டான், எந்தக் கொடிக்கு உரியவன் என்று நீர் கேட்பதில்லை. இந்த உண்மையைத் தம் வாழ்வால் உலகுக்கு உணர்த்திய ஒரு பெருவீரரின் வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். அவர்தாம் ஆஸ்திரேலியாவின் மர்ரே ரோஸ்.

போர்க்காலப் பிள்ளை

மர்ரே ரோஸ் 1939ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் பிரித்தானியாவில் பிறந்தார். அவ்வாண்டிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. கைக்குழந்தையான அவருடன் பெற்றோர் ஆஸ்திரேலியாவிற்குக் குடிபெயர்ந்தனர். சிட்னித் துறைமுகத்தின் கரையிலமைந்த டபுள் பே என்னும் பகுதியில் அவர் வளர்ந்தார். அங்கேயே நீந்தவும் கற்றார்.

ஆயின், அந்த நீர்ப்பரப்பு அன்று அமைதியாக இருக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சப்பானிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகர்மீது குண்டு பொழிந்தன. அவ்வாண்டு மே மாத இறுதியில் சப்பானின் சிறிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சிட்னித் துறைமுகத்திற்குள்ளேயே புகுந்து தாக்கின. மாலுமிகள் இருபத்தொருவர் உயிரிழந்தனர். சப்பானியர் என்றாலே பகைவர் என்று ஆஸ்திரேலியச் சிறுவர்கள் எண்ணி வளர்ந்த காலம் அது. சிறுவன் மர்ரேயும் நாட்டின் போர் முயற்சிக்கான விளம்பரப் படங்களில் இடம்பெற்றான்.

தாய் தந்தையர் அவரைத் தூய மரக்கறி உணவில் வளர்த்தனர். சூரியகாந்தி விதை, எள், தினை, கொட்டைப் பருப்புகள், கடற்பாசி ஆகியவையே அவருடைய உணவு. இறைச்சியே வீரனுக்கு வலிமை தரும் என்று பலரும் நம்பிய அந்நாளில் இது வியப்பாகப் பேசப்பட்டது. செய்தியாளர்கள் கடற்பாசியை இணைத்து அவருக்குப் பட்டப்பெயரே சூட்டினர். சாம் ஹெர்ஃபோர்டு என்னும் பயிற்சியாளர் அவரைச் செதுக்கினார். தண்ணீரோடு மல்லுக்கு நிற்காமல் அதனோடு இசைந்து செல்வதே அவர் நீச்சலின் தனி அழகு.

மெல்போர்னில் ஒரு டிசம்பர் ஏழு

1956ஆம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயங்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடைபெற்றன. அப்போது ரோசுக்கு வயது பதினேழு. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் 4 நிமிடம் 27.3 நொடியில் வந்து தங்கம் வென்றார். நால்வர் கூடி நீந்தும் 4 × 200 மீட்டர் தொடர் நீச்சலில் உலக சாதனையுடன் மற்றொரு தங்கம் பெற்றார்.

எஞ்சியது 1500 மீட்டர். ஐம்பது மீட்டர்க் குளத்தை முப்பது முறை கடக்க வேண்டிய கடும் போட்டி அது. தகுதிச் சுற்றிலேயே அமெரிக்க வீரர் ஜார்ஜ் பிரீன் 17 நிமிடம் 52.9 நொடியில் நீந்தி உலக சாதனை படைத்திருந்தார். சப்பானின் சுயோஷி யமனாகாவும் களத்தில் இருந்தார். அவரும் ரோசைப் போலவே பதினேழு வயதினர். போரின் மறுபக்கத்தில் வளர்ந்தவர்.

இறுதிப் போட்டி நடந்த நாள் 1956 டிசம்பர் 7. சப்பானிய விமானங்கள் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிப் பசிபிக் போரைத் தொடங்கிவைத்து, அன்றோடு சரியாகப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்நாளில் அமெரிக்கரும் சப்பானியரும் ஆஸ்திரேலியரும் ஒரே குளத்தில் இறங்கினர்.

பாதித் தொலைவுக்குப் பின் ரோஸ் முந்தினார். இறுதி நீளங்களில் யமனாகா பாய்ந்து வந்து இடைவெளியைக் குறைத்தார். 17 நிமிடம் 58.9 நொடியில் ரோஸ் சுவரைத் தொட்டார். யமனாகா 18 நிமிடம் 0.3 நொடியில் வந்தார், பிரீன் மூன்றாமவரானார். முந்நூறு மீட்டரன்று, ஆயிரத்தைந்நூறு மீட்டர் நீந்திய பின்னும் முதல் இருவரிடையே இருந்த இடைவெளி ஒன்றரை நொடிக்கும் குறைவு!

அதன்பின் நிகழ்ந்ததே காலத்தை வென்றது. தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றின்மேல் சாய்ந்து வென்றவரும் தோற்றவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அந்த நிழற்படம் உலக நாளேடுகளில் எல்லாம் வெளிவந்தது. போரில் எதிரெதிர் நாடுகளாக நின்றவற்றின் பிள்ளைகள் நீரில் தோழர்களாய் நிற்பதை உலகம் கண்டது. உடன்படிக்கைத் தாள்களால் எளிதில் உணர்த்தவியலாத ஒன்றை இரண்டு இளைஞர்களின் ஈரக்கைகள் உணர்த்திவிட்டன.

மூடப்பட்ட கதவு

மெல்போர்ன் வெற்றிக்குப் பின் ரோஸ் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நாடகமும் தொலைக்காட்சிக் கலையும் பயின்றார். விளையாட்டில் சிறந்தவர் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்றானார். பின்னாளில் அவருக்குச் சோறிட்டது அந்தக் கல்வியே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர்த் தங்கத்தை மீண்டும் வென்றார். அப்போதும் இரண்டாமிடம் யமனாகாவுக்கே. இந்தப் போட்டியில் அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற முதல் வீரர் ரோஸ்தான். அதன்பின் இப்பெருமையை இயான் தோர்ப் 2004இல் பெறும்வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் கடந்தன. ரோமில் 1500 மீட்டரில் வெள்ளியும் தொடர் நீச்சலில் வெண்கலமும் கிடைத்தன. 1962இல் பெர்த் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் நான்கு தங்கங்களைக் குவித்தார்.

1964ஆம் ஆண்டு அவருக்குச் சோதனையாக அமைந்தது. திரைப்படமொன்றில் நடித்துவந்தமையால் ஆஸ்திரேலியாவில் நடந்த தேசியத் தேர்வுப் போட்டிக்கு அவரால் செல்ல இயலவில்லை. தேர்வில் நீந்தாதவருக்கு அணியில் இடமில்லை என்று ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் உறுதியாக நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் 1500 மீட்டரை 17 நிமிடம் 1.8 நொடியில் நீந்தி அவர் உலக சாதனை படைத்தார். அப்போதும் கதவு திறக்கவில்லை. அக்டோபரில் டோக்கியோவில் அதே நாட்டைச் சேர்ந்த பாப் விண்டில் தங்கம் வென்ற நேரம் 17 நிமிடம் 1.7 நொடி. பத்தில் ஒரு பங்கு நொடியே வேறுபாடு! விதி எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் வலிமையின் உச்சத்தில் நின்ற ஒருவரை, ஒருநாள் வராமை கருதிக் கரையிலேயே நிறுத்தியது சரிதானா என்னும் வினா ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றில் இன்றும் ஒலிக்கிறது.

குளத்திலிருந்து ஒலிவாங்கிக்கு

நீந்த வழியில்லையெனில் பேச வழியுண்டு. ரோஸ் விளையாட்டு வர்ணனையாளரானார். ஆஸ்திரேலியாவின் நைன் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் பணியாற்றினார். ஒருகாலத்தில் பதக்கம் பெறச் சென்ற ஒலிம்பிக் களங்களுக்கு, பின்னர்ப் பிறர் வெற்றியை எடுத்துரைக்கச் சென்றார்.

நீச்சலை வர்ணிப்பது எளிதன்று. கால்பந்திலும் மட்டைப்பந்திலும் நிகழ்வன கண்முன் விரிந்து கிடக்கும். நீச்சலிலோ பார்ப்பவர்க்குத் தெரிவன நுரையும் தோள்களுமே. யார் வலிமையைச் சேமித்து வைத்திருக்கிறார், யார் திருப்பத்தில் ஒரு கையளவு இழந்தார், யாருடைய மூச்சு குலைகிறது என்பவற்றை நீரை அறிந்தவரே சொல்ல முடியும். முப்பது நீளங்களின் வலியைத் தம் உடலால் உணர்ந்தவர்க்கு அது கைவந்த கலையாயிற்று.

நிறைவு

அமெரிக்காவில் பல்லாண்டுகள் வாழ்ந்தபின் ரோஸ் மீண்டும் சிட்னிக்கே திரும்பினார். 2000ஆம் ஆண்டில் அந்நகரில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியைத் தாங்கிவந்த எண்மருள் அவரும் ஒருவர். மாற்றுத்திறன் கொண்ட சிறார்க்கு நீச்சல் கற்பிக்கும் ரெயின்போ கிளப் என்னும் அமைப்பின் காவலராக விளங்கினார். அதற்கு நிதி திரட்டுவதற்காக சிட்னியின் மலபார் கடற்கரையில் ஆண்டுதோறும் நடைபெறும் கடல்நீச்சலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நான்கு ஒலிம்பிக் தங்கங்களும் பதினைந்து உலக சாதனைகளும் கண்டவர், தம் முதுமையில் நடக்கவும் இயலாத குழந்தை நீரில் மிதக்கும் மகிழ்ச்சிக்காக உழைத்தார்.

2012 ஏப்ரல் 15ஆம் நாள், எழுபத்து மூன்றாம் வயதில், இரத்தப் புற்றுநோயால் அவர் மறைந்தார். டபுள் பேயில் அவர் சிறுவயதில் நீந்திய துறைமுகக் குளத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது.

மாணவச் செல்வங்களே! பதக்கங்கள் கறுத்துப்போகும், சாதனைகள் முறியடிக்கப்படும். ரோசின் நேரங்களை இன்றைய பள்ளிச் சிறுவர்களும் கடந்து செல்கின்றனர். ஆனால் பகைவனென்று கற்பிக்கப்பட்டவனை, கயிற்றைத் தாண்டிக் கைநீட்டித் தழுவிய அந்த ஒரு கணத்தை எவராலும் முறியடிக்க இயலவில்லை. நம்மிடையேயும் கயிறுகள் பல கட்டப்பட்டுள்ளன. அவை போட்டியிடும்போது தடம் மாறாமல் செல்வதற்கே உரியன. போட்டி முடிந்தபின் அவற்றின்மேல் சாய்ந்து தோழனைத் தழுவிக்கொள்ளலாம் என்பதை மறவாதிருப்போமாக.